முகவரி மாறினால் பள்ளி பறிபோகும்: சென்னையின் பொதுக் கல்வியும் தலித் குடியிருப்புகளும்

சென்னை மாவட்ட மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.78 விழுக்காட்டினர் என்கிறது 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. ஒடுக்கப்பட்டோருக்கான கட்டணமில்லாப் பள்ளி, பள்ளியில் மதிய உணவு, வகுப்புவாரி இடஒதுக்கீடு ஆகியவற்றில் முன்னோடி எனப் போற்றப்படும் நகரம் இது. ஆயினும், இந்நகரின் தலித் குழந்தை எந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டு படிக்கும் என்பதை இன்றும் பெரிதும் தீர்மானிப்பது, அதன் குடியிருப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு காலம் அங்கே நிலைக்கும் என்பதே.

மனையும் பள்ளியும்

குடியிருப்புக்கும் கல்விக்கும் உள்ள இந்தப் பிணைப்பு புதியதன்று. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்கீர், பறையர் மக்களின் நிலை குறித்து அளித்த அறிக்கையில் நிலம், குடியிருப்பு மனை, கல்வி ஆகியவற்றைச் சேர்த்தே ஆராய்ந்தார். மனை உரிமை இல்லாதவரை மிராசுதாரர் எந்நேரமும் வெளியேற்ற முடியும் என்ற நிலையில், பிற உரிமைகள் ஏட்டளவிலேயே நிற்கும் என்பது அந்த ஆய்வு உணர்த்திய உண்மை. 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கான ஆணையும், 1893இல் பஞ்சமர் கல்விக்கான ஆணையும் அடுத்தடுத்து வந்தன.

1894இல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் அடையாறு பகுதியில் பறையர் குழந்தைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆசிரியராகப் பணியாற்றிச் சட்டமன்றம் சென்ற எம்.சி. ராஜாவின் பெயரைச் சைதாப்பேட்டை மாணவர் விடுதி இன்றும் தாங்கி நிற்கிறது. இவை அனைத்தும் நகருக்குள், மக்கள் வாழ்ந்த இடங்களுக்கு அருகில் எழுந்தவை.

நகருக்கு வெளியே

1970இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டபோது, மக்கள் வாழும் இடத்திலேயே அடுக்குமாடி வீடுகள் கட்டித் தருவது முதன்மைக் கொள்கையாக இருந்தது. 2000க்குப் பின் அக்கொள்கை பெருமளவு கைவிடப்பட்டது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் பல்லாயிரம் வீடுகள் கட்டப்பட்டு, நீர்நிலைக் கரைகளில் வாழ்ந்தோர் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் இவ்வெளியேற்றம் வேகமெடுத்தது. இவ்வாறு பெயர்க்கப்பட்டோரில் பெரும் பகுதியினர் தலித் மக்கள்.

கூவம் கரையிலிருந்த சத்தியவாணிமுத்து நகர் இதற்குச் சான்று. தாழ்த்தப்பட்டோரின் உரிமைக்காகத் தனிக்கட்சியே கண்ட தலைவரின் பெயரைத் தாங்கிய அக்குடியிருப்பு, 2019 டிசம்பர் இறுதியில், கல்வியாண்டின் நடுவே இடிக்கப்பட்டது. மக்கள் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். பொதுத் தேர்வுக்குச் சில மாதங்களே இருந்த காலம் அது.

சட்டத்தின் எல்லை

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அருகமைப் பள்ளியை உரிமையாக்கியது. தமிழ்நாட்டு விதிகளின்படி தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், நடுநிலைக் கல்வி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் கிடைக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவும் கூடாது.

ஆனால் அச்சட்டம் 6 முதல் 14 வயது வரை மட்டுமே பொருந்தும். மேல்நிலை வகுப்பு மாணவருக்கு அந்தப் பாதுகாப்பில்லை. பொதுத் தேர்வு எழுதுவோரின் பெயர்ப்பட்டியல் பல மாதங்களுக்கு முன்பே பழைய பள்ளியிலிருந்து சென்றுவிடுவதால், நடு ஆண்டில் பள்ளி மாறுவதும் கடினம். விடியற்காலையில் பேருந்து ஏறி இரவில் திரும்புவது, உறவினர் வீட்டில் தங்குவது, படிப்பை நிறுத்துவது ஆகியவையே எஞ்சும் வழிகள். பேருந்துப் பயணம் இலவசமானாலும், பயணத்தில் கரையும் மணிகளை எந்தச் சலுகையும் ஈடுசெய்யாது. பெண் குழந்தைகளின் படிப்பே பெரும்பாலும் முதலில் நிற்கிறது.

கல்லூரிக்கும் இது பொருந்தும். 1840இல் தொடங்கிய மாநிலக் கல்லூரி, 1914இல் தொடங்கிய இராணி மேரிக் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரி ஆகியவை முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கிய நிறுவனங்கள். பகுதிநேர வேலை செய்து படிக்கும் மாணவருக்கு வீடு, வேலை, கல்லூரி மூன்றும் ஒன்றுக்கொன்று எட்டும் தொலைவில் இருப்பதே இடஒதுக்கீட்டைப் பயனுள்ளதாக்குகிறது. அத்தொலைவு நீளும்போது, கையிலுள்ள சேர்க்கை ஆணையும் பொருளிழக்கிறது.

செய்ய வேண்டியவை

கல்வியாண்டின் நடுவே எந்தக் குடியிருப்பையும் அகற்றலாகாது. முதல் குடும்பம் குடியேறும் முன்பே போதிய ஆசிரியரோடு பள்ளி இயங்க வேண்டும். இடம்பெயர்க்கப்பட்ட குழந்தைகளின் சேர்க்கை, இடைநிற்றல் விவரங்களைச் சாதி, பாலின வாரியாக அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நகருக்குள் ஆதிதிராவிடர் நல விடுதிகளின் இடங்களைப் பெருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, வாழும் இடத்திலேயே வீடு என்ற 1970ஆம் ஆண்டுக் கொள்கைக்கு அரசு திரும்ப வேண்டும்.

சேரியருகே பள்ளி கட்டியதால் பெருமை பெற்ற நகரம் இது. பள்ளியருகே இருந்த சேரியை அகற்றிவிட்டு அப்பெருமையைத் தொடர்ந்து பேச அதற்கு உரிமையில்லை.