அப்பாவின் சுகரும் 160 டேனிஷ்காரர்களும்

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா ஃபோனில் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். "டேய், சுகர் நார்மலுக்கு வந்துடுச்சுடா. அந்தக் கொழுப்பு மாத்திரைய நிறுத்திட்டேன்." எனக்குப் பகீரென்றது. அவர் சொல்லும் நார்மல், காலையில் வெறும் வயிற்றில் எடுத்த டெஸ்ட். அதற்கு ரெண்டு நாள் முன்பிருந்தே சாதத்தைக் குறைத்து, பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி தயாராகியிருக்கிறார் மனுஷர் :-)

இந்த ஏமாற்று வேலை எடுபடாத டெஸ்ட் ஒன்று உண்டு. ஹெச்பிஏ1சி. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், ஒட்டியிருப்பதை அளந்தால் ரெண்டு மூன்று மாதக் கணக்கு வெளியே வந்துவிடும். சர்க்கரை நோயாளிகளிடம் இது வித்தியாசமாக இருப்பதை 1968-ல் கண்டுபிடித்தவர் தெஹ்ரானில் இருந்த சாமுவேல் ரஹ்பர். அப்பா இந்த டெஸ்ட் எடுத்து ஒரு வருஷம் ஆகிறது.

சரி, அந்த எண் நன்றாக வந்துவிட்டால் மட்டும் மாரடைப்பு பயம் போய்விடுமா? (நான் படிப்பது தண்ணீர் சுத்திகரிப்பு, டாக்டர் கிடையாது. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.) நான் இருக்கும் இந்த ஊரில்தான் அதற்கு ஒரு பதில் கிடைத்தது.

டென்மார்க்குக்கும் சர்க்கரை நோய்க்கும் பழைய உறவு. 1920-ல் நோபல் பரிசு வாங்கிய ஆகஸ்ட் குரோக், 1922-ல் மனைவி மரீயுடன் அமெரிக்கா போனார். மரீ ஒரு டாக்டர்; அவருக்கே சர்க்கரை நோய். டொரன்டோவில் இன்சுலின் கண்டுபிடித்திருக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கணவரைத் தூண்டியவர் அவர்தான். தயாரிக்கும் அனுமதியோடு திரும்பினார்கள். அந்த டிசம்பரிலேயே குரோக்கும், மரீக்கு வைத்தியம் பார்த்த ஹாகெடோர்னும் சேர்ந்து மாட்டுக் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்துவிட்டார்கள். 1923-ல் நோர்டிஸ்க் இன்சுலின் நிறுவனம், 1932-ல் கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் கென்டோஃப்டெயில் ஸ்டெனோ மருத்துவமனை. ஸ்டெனோ என்பது 17-ம் நூற்றாண்டு டேனிஷ் உடற்கூறு அறிஞர் நீல்ஸ் ஸ்டென்சென். இதயம் வெறும் தசைதான் என்று சொன்ன ஆள். சர்க்கரை ஆஸ்பத்திரிக்கு இதயக்காரர் பெயர்!

இந்த ஸ்டெனோவில் 1993-ல் ஒரு ஆய்வு தொடங்கியது. 160 பேர்தான். எல்லோருக்கும் டைப் 2 சர்க்கரை, சிறுநீரில் லேசாகப் புரதம் இறங்க ஆரம்பித்திருந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மீதிப் பாதிக்கு எல்லாமே சேர்த்து: சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், ஆஸ்பிரின், சாப்பாடு, நடை, சிகரெட்டை விடுவது. சராசரியாக 7.8 வருஷம். அதற்கப்புறம் எல்லோருக்குமே அதே தீவிர வைத்தியம் என்று சொல்லிவிட்டு, யார் எப்படி இருக்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருந்தார்கள்.

13 வருஷம் கழித்து, 2008-ல் கணக்கு வந்தது. வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் இறந்தவர்கள் 40, மற்றவர்களில் 24. இதயம், ரத்தக்குழாய் நோயால் மட்டும் 19-க்கு 9. நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் வேறு. தீவிர வைத்தியக் குழுவிலும் ஹெச்பிஏ1சி-யை 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம், சராசரி 7.9-லேயே நின்றது. சர்க்கரையில் பாஸ் ஆகாமலேயே உயிர் பிழைத்திருக்கிறார்கள்! கொலஸ்ட்ரால், பிரஷர் மாத்திரைகளுக்குத்தான் இதில் பெரும்பங்கு இருக்கும் என்பது ஆய்வு செய்தவர்களின் கணிப்பு.

இந்த முடிவு அச்சான அதே வாரம், 2008 பிப்ரவரியில், அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து நடந்த அக்கார்ட் ஆய்வில் ஒரு பகுதியை அவசரமாக நிறுத்தினார்கள். அங்கே பாதிப் பேருக்கு ஹெச்பிஏ1சி-யை 6-க்குக் கீழே தள்ளியே தீருவது என்று மருந்து மேல் மருந்து கொடுத்தார்கள். அவர்களில் 257 பேர் இறந்தார்கள். கொஞ்சம் தளர்வாக விட்ட குழுவில் 203 பேர். இதயம், ரத்தக்குழாய் சாவு 135-க்கு 94. ஏன் என்று இன்றுவரை ஒரே விடை இல்லை.

அதற்காக சர்க்கரையைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதே 2008-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், நோய் தெரிந்த புதிதிலேயே சர்க்கரையைக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பத்து வருஷம் கழித்தும் மாரடைப்பு குறைவாக இருந்தது. கண்ணும் சிறுநீரகமும் வேறு இருக்கின்றன.

ஸ்டெனோவின் 160 பேரை 21 வருஷம் வரை தொடர்ந்தார்கள். 2016-ல் வந்த கணக்கு: எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த குழுவுக்கு சுமார் எட்டு வருஷம் கூடுதல் ஆயுள். எட்டு வருஷம்! நான் ஊருக்குத் திரும்பி, வேலை தேடி, அப்பாவோடு சண்டை போட்டு சமாதானமும் ஆகிவிடலாம்.

நேற்று அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அது வெள்ளைக்காரங்களுக்குடா, அவங்க வெண்ணெயும் பன்றிக்கறியும் திங்கறாங்க" என்றார். நம்ம வீட்டு வடையையும் முறுக்கையும் ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிக்கிறேன்" என்றார். வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறார், ஹெச்பிஏ1சி-யும் எடுக்கிறார். கூடவே போகச் சொல்லி அம்மாவிடம் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.