பழைய வீடுகளில் வெப்ப அமைப்பைப் புதுப்பித்தல் (பிரிட்டன்)

விக்டோரியா காலத்து பிரிட்டிஷ் வரிசை வீடுகளில் அறைக்கொரு கணப்படுப்பு இருந்தது; எரிபொருள் நிலக்கரி. 1952-இல் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டமும், 1956-இல் வந்த தூய காற்றுச் சட்டமும் அந்தப் பழக்கத்தை ஆட்டங்காணச் செய்தன. 1967 முதல் சுமார் பத்தாண்டில் வட கடல் எரிவாயு வீடுவீடாக வந்து சேர்ந்தது. சமையலறை மூலையில் பாய்லரும் சன்னலடியில் ரேடியேட்டரும் இடம்பிடித்தன.

அடுத்த மாற்றம் வெப்பப் பம்பு. குளிர்சாதனப் பெட்டியின் வேலையைத் திருப்பிப் போட்டதுபோல, வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சி வீட்டுக்குள் தள்ளும் கருவி இது. ஓர் அலகு மின்சாரத்துக்குச் சுமார் மூன்று அலகு வெப்பம் கிடைக்கும். ஆனால் பாய்லர் 70 டிகிரி செல்சியஸில் அனுப்பும் நீரை இது 45 டிகிரி அளவில் அனுப்பினால்தான் சிக்கனம். ஆகவே பல அறைகளில் ரேடியேட்டரைப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

அதற்கும் முன்னே வீட்டைக் கவனிக்க வேண்டும். இவ்வீடுகளின் சுவர்கள் பெரும்பாலும் நடுவே இடைவெளி இல்லாத ஒன்பது அங்குலக் கெட்டிச் செங்கல். பரணிலும் கதவிடுக்கிலும் வெப்பம் கசிந்தபடி இருந்தால் எந்தக் கருவியும் திணறும். பரணில் காப்புப் பொருளை விரிப்பதே மலிவான, நல்ல தொடக்கம்.

பழைய ரேடியேட்டரின் மேல்பகுதி சுட்டு, அடிப்பகுதி சில்லிட்டிருந்தால் உள்ளே துருச்சேறு படிந்திருக்கக்கூடும். திறந்தால் மைபோலக் கறுப்பாக நீர் வடியும். அதைக் கழுவாமல் புதுக் கருவியை இணைப்பது பெருந்தவறு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெப்பப் பம்பு பொருத்த 2022-இல் தொடங்கிய அரசு மானியம் 2023 அக்டோபரில் 7,500 பவுண்டாக உயர்ந்தது.