கீமோ போர்ட்: ஊர் திரும்பிய பின் கவனிக்க வேண்டியவை

பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் உள்ளவர்கள் கீமோ சிகிச்சைக்குப் பெரும்பாலும் மதுரைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. மருந்து ஏற்றிவிட்டு பஸ் பிடித்து வீடு வந்தால், பலருக்கு அடுத்த தவணை மூன்று வாரம் கழித்துத்தான். நெஞ்சில் போர்ட் வைத்திருப்பவர்களுக்கு கோளாறு தலைகாட்டுவது இந்த இடைவெளியில்தான். அப்போது பக்கத்தில் இருப்பது டாக்டர் அல்ல, குடும்பத்தார். எனவே இந்த விஷயத்தை வீட்டில் உள்ளவர்களுக்காகவே எழுதுகிறோம்.

போர்ட் என்பது தோலுக்கு அடியில் பதிக்கப்படும் சிறிய டப்பி. டைட்டானியம் அல்லது பிளாஸ்டிக்கில் செய்தது. மேலே கெட்டியான சிலிக்கான் மூடி. அதிலிருந்து செல்லும் மெல்லிய குழாய் கழுத்து அல்லது காறை எலும்புக்குக் கீழுள்ள பெரிய ரத்தக்குழாய் வழியாக இதயத்தின் அருகே போய் நிற்கும். கீமோ மருந்துகள் கை நரம்புகளைப் பொசுக்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. 1980களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் உள்ளது. நல்ல சாதனம்தான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அது நேராக இதயத்துக்குப் போகும் பாதை என்பதை மறக்கக் கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது காய்ச்சல். கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் போர்ட்டில் கிருமி புகுந்தால் சில மணி நேரத்திலேயே ரத்தம் முழுவதும் பரவும். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி காட்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, மெடிக்கலில் பாரசிட்டமால் வாங்கிக் கொடுத்துவிட்டு காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடாதீர்கள். மாத்திரை காய்ச்சலை மறைக்குமே தவிர கிருமியைக் கொல்லாது. சிகிச்சை தரும் மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டு அன்றிரவே கிளம்புங்கள். மதுரை வரை தாங்காது என்று தோன்றினால் 108-ஐ அழைத்து அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய், "கீமோ நோயாளி, போர்ட் இருக்கிறது" என்பதை முதலில் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும் என்பதே மருத்துவ விதி.

போர்ட்டில் ஊசி போட்டு மருந்தோ உப்புநீரோ செலுத்திய சற்று நேரத்தில் நடுக்கம் வந்தால், குழாய்க்குள்ளேயே கிருமி இருக்கிறது என்று சந்தேகிப்பார்கள். போர்ட்டிலிருந்தும் கையிலிருந்தும் தனித்தனியாக ரத்தம் எடுத்து கல்ச்சர் செய்வார்கள். போர்ட் ரத்தத்தில் கிருமி இரண்டு மணி நேரமாவது முந்தி வளர்ந்தால் மூலம் அதுதான். சில கிருமிகளை மருந்தாலேயே ஒழித்துவிடலாம். பூஞ்சைத் தொற்று போன்றவற்றுக்கு போர்ட்டை எடுத்தே ஆக வேண்டும். செலவு செய்து வைத்ததாயிற்றே என்று தயங்கக் கூடாது.

அடுத்தது ரத்த உறைவு. போர்ட் உள்ள பக்கத்தில் கை, கழுத்து, முகம் வீங்கினாலோ, நெஞ்சின் மேல் நரம்புகள் புடைத்தாலோ ஸ்கேன் தேவை. எண்ணெய் தேய்த்து நீவி விடுவது ஆபத்து. மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அவசரம்.

மருந்து ஏறும்போது அந்த இடத்தில் எரிச்சலோ வலியோ வந்தால் உடனே நர்ஸிடம் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். சிவப்பு நிறத்தில் இருக்கும் டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் வெளியே கசிந்தால் தசையே அழுகிவிடும். அபூர்வமாக, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே குழாய் நசுங்கி உடைவதும் உண்டு. கையைத் தூக்கினால்தான் மருந்து இறங்குகிறது என்றால் அது அதற்கான அறிகுறி. எக்ஸ்ரே எடுக்காமல் விடக் கூடாது.

போர்ட்டுக்கு வளைந்த முனையுள்ள ஹூபர் ஊசி மட்டுமே போட வேண்டும். சாதாரண ஊசி மூடியைத் துளைத்து ஓட்டையாக்கிவிடும். உடம்பு அசதிக்கு ஒரு டிரிப் போடலாம் என்று பக்கத்து கிளினிக்கில் நெஞ்சைக் காட்டிவிடாதீர்கள். சிகிச்சை முடிந்த பிறகும் போர்ட் இருக்கும் வரை குறிப்பிட்ட இடைவெளியில் அதைக் கழுவி விட வேண்டும். வழக்கமாக நான்கு வாரத்துக்கு ஒருமுறை. சில மருத்துவமனைகள் கூடுதல் இடைவெளி தருகின்றன. நோய் குணமாகிவிட்டது என்று இதை நிறுத்திவிடுபவர்களுக்குத்தான் குழாய் அடைத்துக்கொள்கிறது.

நம் பெண்களிடம் ஒரு வார்த்தை. நெஞ்சுப் பகுதி என்பதால் சிவந்திருப்பதையும் சீழ் வடிவதையும் கணவரிடம்கூடச் சொல்லாமல் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொள்வது நடக்கிறது. பெண் டாக்டரோ நர்ஸோ பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். அவர்கள் இல்லாவிட்டால் ஆண் டாக்டரிடம் காட்டுவதற்கு மார்க்கத்தில் தடையில்லை, அது நிர்ப்பந்தம். வீட்டில் தாயோ மகளோ தினமும் ஒருமுறை அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

காயம் ஆறிய பிறகு, ஊசி இல்லாத நாட்களில் குளிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. குடல் புற்றுநோய்க்கு 46 மணி நேர பம்புடன் வீட்டுக்கு வருபவர்கள் கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உளூவில் நெஞ்சு கழுவப்படுவதில்லை என்பதால் தொழுகைக்குச் சிரமம் இல்லை. கடமையான குளிப்புக்கு மட்டும் கட்டுக்குரிய சலுகையை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போர்ட் வைத்தபோது கொடுத்த அட்டையில் அதன் வகையும் வைத்த தேதியும் இருக்கும். சி.டி. ஸ்கேன் மருந்தை எல்லா போர்ட்டிலும் வேகமாகச் செலுத்த முடியாது. அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அதை ரேஷன் கார்டோடு பீரோவில் பூட்டி வைக்காமல் நோயாளியின் பையிலேயே வைத்துவிடுங்கள்.