அளவு கொடுத்தவர்கள்

காஞ்சீபுரத்தில் கல்யாணப் புடவைக்குச் சொல்லி வைக்கப் போகிறவர்களை நெசவாளர் பல கேள்விகள் கேட்பார். உடல் என்ன நிறம், கரை என்ன நிறம், முந்தியில் மயிலா அன்னமா, ஜரிகை எவ்வளவு, முகூர்த்தம் என்றைக்கு என்று எல்லாம் கேட்பார். கட்டிக்கொள்ளப் போகிற பெண் நெட்டையா குட்டையா, பருமனா ஒல்லியா என்று மட்டும் கேட்கமாட்டார். கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா என்று ஓட்டிக் கோர்வை போட்டு இணைக்கும்போது மயிரிழை பிசகக் கூடாது. கணக்கு அவ்வளவு கறார். ஆனால் அந்தக் கணக்கெல்லாம் துணியைப் பற்றியது. உடுத்துகிறவளின் உடம்பைப் பற்றியதல்ல. பதினெட்டு முழம் என்கிறோமே, அது யாருடைய முழம்? குறிப்பாக யாருடையதும் அல்ல. அதனால்தான் பாட்டியின் கூறைப் புடவை பேத்திக்கும் பொருந்துகிறது.

கோட்டும் கால்சட்டையும் இதற்கு நேர் எதிரான வர்க்கம். தையற்காரர் முதலில் விசாரிப்பதே உடம்பைத்தான். மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கால் நீளம் என்று நாடா பிடித்து எழுதிக்கொள்கிறார். ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருந்தால் அதுவும் அவர் நோட்டுப் புத்தகத்தில் ஏறிவிடும். சுண்ணக் கட்டியால் கோடு கிழித்து வெட்டி, ஓட்டுத் தையலில் நிறுத்தி, ஆளை வரவழைத்து மாட்டிப் பார்க்கிறார். பிரித்துத் திருத்தி மறுபடியும் மாட்டிப் பார்க்கிறார். மார்புப் பக்கம் துணிக்கும் உள்துணிக்கும் நடுவே விறைப்பான கான்வாஸ் வைத்துத் தைப்பதால், ஆள் கழற்றி வைத்த பிறகும் கோட்டு ஓர் ஆளைப் போலவே இருக்கிறது. ஒருவனுக்கென்று தைத்தது இன்னொருவனுக்கு இரவல் உடைதான்.

தைத்த உடையே நமக்குப் புதிது என்று நினைத்துவிடக் கூடாது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலேயே, பெருவழியில் போகும் வணிகர்கள் சட்டை அணிந்திருக்கிறார்கள். அந்தச் சட்டைக்குப் ‘படம்’ என்று பெயர். பாசறையில் காவல் நின்ற யவனர் போட்டிருந்த சட்டையை முல்லைப்பாட்டு ‘மெய்ப்பை’ என்கிறது. சிலப்பதிகாரத்துப் புகாரில் ‘துன்னகாரர்’ என்ற தையற்காரர்களும் குடியிருந்தார்கள். மெய்ப்பை என்ற சொல்லைக் கவனியுங்கள். உடம்பைப் போட்டு வைக்கும் பை! பைக்குத் தோள் சரிவு ஏது? ஆகவே ஊசியும் நூலும் நமக்குப் பழையவை. ஒரு மனிதனை நிற்கவைத்து, அவன் உடம்பின் ஒவ்வொரு வளைவுக்கும் துணியை வெட்டுகிற பழக்கந்தான் கடல் கடந்து வந்தது. நாம் போடுகிற பொத்தானின் பெயர்கூடப் போர்த்துகீசியர் தந்துவிட்டுப் போனது.

வெள்ளைக்காரர் ஆட்சியில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கோட்டுக்கு அளவு கொடுத்தார்கள். ஆனால் உடம்பு முழுவதையும் கொடுத்துவிடவில்லை. கீழே பஞ்சகச்சம், மேலே மூடிய கழுத்துக் கோட்டு, அதற்கும் மேலே தலைப்பாகை. அக்காலப் புகைப்படங்களில் பெரிய மனிதர்கள் பலர் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இடுப்புக்கு மேலே சர்க்கார், இடுப்புக்குக் கீழே குலாசாரம் என்று ஒரு ராஜி. சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள்.

கப்பலேறியவர்களுக்கு இந்த ராஜி கிடையாது. 1888-ல் லண்டன் போய்ச் சேர்ந்த இளைஞர் காந்தி, பம்பாயில் தைத்த உடைகள் ஆங்கிலேய சமூகத்துக்கு லாயக்கில்லை என்று கருதிப் புதிதாக வாங்கினார். நாகரிகப் புள்ளிகள் நடமாடும் பாண்ட் தெருவில் பத்துப் பவுன் கொடுத்து மாலை விருந்துகளுக்கான உடுப்பும் தைத்துக்கொண்டார். இதை ஒளிக்காமல் தம் சுயசரிதையில் எழுதியும் வைத்தார்.

காஞ்சிக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. கணித மேதை ராமானுஜன் 1887-ல் ஈரோட்டில் பிறந்தவர், வளர்ந்தது கும்பகோணத்தில். குழந்தைப் பருவத்தில் சில காலம் தாய்வழிப் பாட்டனாருடன் காஞ்சீபுரத்தில் இருந்தார்; இங்கேயும் பள்ளிக்கூடம் போனார். அவருடைய தகப்பனார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடைக் குமாஸ்தா. அளவு கேட்காத துணிதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

1914-ல் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட அவருக்குச் சென்னைச் சர்வகலாசாலை வருஷம் 250 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்தது. கப்பல் செலவும் கொடுத்தது; உடுப்பு முதலியவற்றுக்கென்று ஒரு தொகையும் தனியாக ஒதுக்கியது. ஆக, அந்த உடை சர்வகலாசாலைத் தீர்மானத்திலேயே இடம்பெற்றுவிட்டது. குடுமி போயிற்று. கோட்டும் காலரும் டையும் வந்தன. மார்ச் 17-ஆம் தேதி ‘நெவாஸா’ கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டது. தாயாரையும் மனைவியையும் அவர் முன்னதாகவே கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார். இந்தக் கோலத்தில் தாயார் தம்மைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். கணக்கில் எவருக்கும் அஞ்சாத மனிதர், ஒரு கோட்டோடு தாயார் முன் நிற்க அஞ்சினார்.

கேம்பிரிட்ஜில் பூட்ஸ் அவர் காலுக்கு ஒத்து வரவில்லை, செருப்போடு நடந்தார். குளிர் காலத்தில் ஒரு நாள் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ், ராமானுஜன் இரவில் குளிரால் அவதிப்படுகிறார் என்று அறிந்து அவருடைய படுக்கையைப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் நிறைய இருந்தன. ஆனால் அவை மெத்தையோடு இறுக்கிச் செருகிக் கிடந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று இவருக்கு யாரும் சொல்லவில்லை. மேல்விரிப்பு ஒன்றைப் போர்த்தியபடி, ஓவர்கோட்டையும் மாட்டிக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு தூங்கியிருக்கிறார். தைத்ததும் சுற்றிக்கொள்வதுமாக இரண்டு தேசத்து உடைகளும் அவர் மேல் இருந்தன, குளிரோ போகவில்லை.

1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தி மதுரையில் மேல் சட்டையை விட்டு, முழங்கால் அளவுத் துண்டுக்கு வந்தார். ஏழைக்குக் கதர் வாங்கக் கட்டுப்படியாகவில்லையென்றால் துணியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று காட்டினார். அதை உலகம் வியந்தது, வியக்கவேண்டியதுதான். ஆனால் பாண்ட் தெரு உடுப்பு அவரே ஆசைப்பட்டுத் தைத்துக்கொண்டது. விரும்பி மாட்டியதை விரும்பிக் கழற்றினார். ராமானுஜன் கோட்டுக்கு ஆசைப்பட்டதாக யாரும் சொல்லவில்லை. எண்களைப் புரிந்துகொள்ளும் மனிதர்கள் இருந்த இடத்துக்குப் போக ஆசைப்பட்டார். கோட்டு அங்கே போவதற்கான டிக்கெட். 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது முப்பத்திரண்டு.

அவருடைய முகமாக உலகம் அறிந்தது 1919-ல் எடுத்த ஒரு பாஸ்போர்ட் படம். ஜானகி அம்மாளிடமிருந்து அதைத் தேடிப் பெற்று ஹார்டிக்குக் கிடைக்கச் செய்தவர் எஸ். சந்திரசேகர். 1962-ல் இந்திய சர்க்கார் எழுபத்தைந்தாம் ஆண்டுத் தபால்தலை வெளியிட்டபோதும் அந்த முகமேதான் வந்தது. அதிலும் கோட்டு இருக்கிறது.

நல்ல தையற்காரர் துணியை ஆளுக்குத் தக்கபடி திருத்துவார். ஓர் ஆட்சியோ, ஒரு கல்லூரியோ கோட்டைக் கையில் கொடுக்கும்போது ஆளைத் துணிக்குத் தக்கபடி திருத்திக்கொள்ளச் சொல்கிறது. இன்று காஞ்சியிலேயே முகூர்த்தத்துக்குப் பட்டு வேஷ்டி, மாலை வரவேற்புக்குக் கோட்டும் கால்சட்டையும் என்று மாப்பிள்ளைகள் இரண்டையும் வாங்குகிறார்கள். தவறில்லை. மாப்பிள்ளை பிரியப்பட்டு அளவு கொடுக்கிறான். அவன் தாயார் பக்கத்திலேயே நின்று, “தோள் சரியாக இருக்கிறதா பார்” என்கிறாள்.