தொட்டிக்கரியும் உயிர் எண்ணெயும்

காற்று புகாமல் தேங்காய்த் தொட்டி, நெல் உமி, கரும்புச் சக்கை போன்றவற்றைச் சூடாக்கினால் அவை எரிந்து சாம்பலாவதில்லை. கரி, ஆவி, வாயு எனப் பிரிகின்றன. இதற்கு வெப்பச்சிதைவு என்று பெயர். ஆவியைக் குளிர்வித்தால் கிடைக்கும் கருநிறத் திரவமே உயிர் எண்ணெய். விறகை மூட்டம் போட்டுக் கரியாக்குவது மிகப் பழைய தொழில். தூக்கி எறியும் ஓட்டுக்கும் கொட்டைக்கும் இதில் மதிப்பு வந்தது முதல் உலகப் போரில்தான்.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. மருந்தில் நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொள்வதே அப்போது கிடைத்த பாதுகாப்பு. அதே ஆண்டு ரஷ்ய வேதியியலாளர் நிக்கொலாய் செலின்ஸ்கி கரி நிரப்பிய முகமூடியை உருவாக்கினார். கரியின் நுண்துளைகளில் நச்சு வாயு ஒட்டிக்கொள்ளும். நீராவியில் மேலும் சூடேற்றிய கரியில், ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு அடங்கிவிடும்!

சாதாரண மரக்கரியைவிடத் தேங்காய்த் தொட்டியின் கரி கெட்டியானது, துளைகளும் மிக நுண்ணியவை. தொட்டி போதாமல் போகவே, 1918இல் அமெரிக்க மக்கள் பீச் பழக் கொட்டைகளையும் கடின ஓடுகளையும் சேர்த்துக் கொடுத்தனர். ஒரு முகமூடிக்கு 200 பீச் கொட்டைகள் வேண்டும் என்று விளம்பரம் செய்தார்கள். தேங்காயை நிறையச் சாப்பிடுங்கள் என்றுகூடச் சொன்னார்கள். நமக்கு அதைச் சொல்ல ஆள் தேவைப்பட்டதில்லை.

இன்று அந்தக் கரி குடிநீர் வடிகட்டியிலும் தங்கம் பிரிப்பதிலும் பயன்படுகிறது. காங்கேயம் வட்டாரத்தில் இது பெரிய தொழில். ஆனால் குழியில் சுடும் முறையில் தொட்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூடக் கரியாகத் தேறுவதில்லை. மீதி புகையாகப் போய் அக்கம்பக்கத்தாரை இரும வைக்கிறது. கரியை அணைத்த நீர் நிலத்தில் இறங்கிக் கிணறுகளையும் கெடுக்கிறது. அந்தப் புகைக்குள்தான் உயிர் எண்ணெய் இருக்கிறது.

1980களில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் விரைவு வெப்பச்சிதைவு முறை வளர்ந்தது. பொடித்த உயிர்ப்பொருளை ஏறத்தாழ 500 பாகை செல்சியசில் சூடாக்கி, ஆவியை ஓரிரு நொடிகளில் குளிர்வித்தால், எடையில் 70 விழுக்காடு வரை திரவமாகக் கிடைக்கும். மெதுவாகச் சுட்டால் கரி மிகும். எது வேண்டும் என்பதை வேகமே தீர்மானிக்கிறது. இந்த எண்ணெயை அப்படியே வண்டியில் ஊற்ற முடியாது. அதில் கால் பங்கு நீர், அமிலத்தன்மை இரும்பை அரிக்கும், வைத்திருந்தால் தடித்துவிடும். கொதிகலனில் எரிக்க உதவும்.