மொரிஸ் மைனரும் காபரேட்டரின் ஒயிலும்

இலங்கையின் தெருக்களில் மொரிஸ் மைனர் இன்றும் ஓடுகிறதென்றால், அதற்குப் பெருங்காரணம் தட்டுப்பாடுதான். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான வண்டி இது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகவே, கையிலிருந்ததைப் பழுதுபார்த்து ஓட்டுவதே வழியாயிற்று. கொழும்பிலும் கல்முனையிலும் வினாயகபுரத்திலும் கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கும் அந்தப் பழக்கம் பல வண்டிகளைக் காப்பாற்றியது. ஆனால் இந்த வண்டியிலுள்ள எஸ்.யூ. காபரேட்டரின் டாம்பருக்கு ஒயில் தெரிவுசெய்வதில் அதே பழக்கத்தைப் பின்பற்றக் கூடாது. எஞ்சினுக்கு ஊற்றும் தடித்த ஒயிலில் மிஞ்சியதை அதற்கும் ஊற்றுவது தவறு.

ஸ்கின்னர் குடும்பத்தார் உருவாக்கிய இந்தக் காபரேட்டரைத் தயாரித்த நிறுவனத்தை 1926இல் வில்லியம் மொரிஸ் வாங்கினார். எம்.ஜி., ஜகுவார் போன்ற விரைவுக் கார்களிலும் இதே அமைப்புத்தான். எஞ்சின் உறிஞ்சும் காற்றுக்கு ஏற்ப உள்ளே ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும். அக்சிலேட்டரைச் சட்டென மிதித்தால் பிஸ்டன் துள்ளி எழும், காற்று மிகுந்து பெற்றோல் குறையும், எஞ்சின் திணறும். பிஸ்டனின் மேலுள்ள டாம்பரின் ஒயில் அந்த ஏற்றத்தை மட்டும் ஒரு கணம் தாமதப்படுத்தி, பெற்றோலைக் கூடுதலாக இழுக்க வைக்கிறது. இறங்கும்போது தடுப்பதில்லை. ஆகவே அக்சிலேட்டரை மிதிக்கும் அக்கணத்தில் கலவை எவ்வளவு செறிவாகும் என்பது ஒயிலின் தடிப்பையும் பொறுத்தது. அதனால்தான் அக்காலக் கையேடுகள் எஸ்.ஏ.ஈ. 20 என்ற மெல்லிய ஒயிலைச் சொல்லி, தடித்ததை விலக்கின.

நமது வெயிலுக்குத் தடித்த ஒயில்தானே ஏற்றது என்று கேட்கலாம். இங்கிலாந்தின் குளிர்காலையில் ஒயில் இறுகியிருக்கும், நம் கரையோரத்தில் அப்படியில்லை என்பது உண்மை. ஆனால் எஞ்சின் சூடேறியதும் அந்த வேறுபாடு பெருமளவு குறைந்துவிடும். 20டபிள்யூ-50 மல்டிகிரேட்டோ 100 பாகை செல்சியஸில்கூட 20ஐப் போல இரு மடங்கு தடிப்பாயிருக்கும். தடித்த ஒயில் ஊற்றியபின் திணறல் நின்றதே என்ற வாதமும் உண்டு. தேய்ந்த திரொட்டில் ஸ்பிண்டில் வழியே காற்று கசிந்தாலும், கலவை மெலிந்திருந்தாலும் தடித்த ஒயில் அந்தக் குறையை மறைக்கும். ஆனால் குறை நீங்காது; பெற்றோல் செலவு கூடும், பிளக் கரிபிடிக்கும். முதலில் கசிவையும் கலவையையும் சரிசெய்யவேண்டும். பிறகும் திணறினால் எஸ்.ஏ.ஈ. 30க்குப் போகலாம், அதற்கு மேல் தேவையில்லை. அரும்பாடுபட்டு இந்த வண்டிகளைக் காத்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை, தட்டுப்பாடு தீர்ந்தபின் சரியான ஒயிலையே ஊற்றுவதுதான்.