ராவணன் ஓவியத்தைப் பகிரலாம், மகிஷாசுரனைப் பகிரலாமா? சட்டம் சொல்வது என்ன?

ஜடாயுவின் சிறகை வெட்டிவிட்டு வாளோடு இருக்கும் ராவணன், பார்க்கச் சகிக்காமல் முகத்தை மூடிக்கொள்ளும் சீதை. ராஜா ரவி வர்மாவின் இந்த ஓவியம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். நீங்களும் ஃபார்வர்டு செய்திருந்தால் கவலை வேண்டாம். ஆனால், அதே ஆர்வத்தில் தையப் மேத்தாவின் மகிஷாசுரன் ஓவியத்தை உங்கள் பக்கத்தில் போட்டால் கதை வேறு.

இரண்டுமே புராணம்தானே என்று கேட்கலாம். புராணக் கதை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால், ஓவியர் அதை வரைந்த விதத்துக்குப் பதிப்புரிமை உண்டு.

கணக்கு ரொம்ப எளிது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் இறந்த ஆண்டோடு 60-ஐக் கூட்டுங்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை உரிமை நீடிக்கும். ரவி வர்மா இறந்தது 1906-இல், எப்போதோ முடிந்துவிட்டது. நந்தலால் போஸ் 1966, அதாவது 2026 இறுதிவரை. மேத்தா 2009, எனவே 2069 வரை. எம்.எஃப். ஹுசைனுக்கு 2071.

ரவி வர்மாவின் படைப்புகள் தேசியக் கலைப் பொக்கிஷமாச்சே என்ற குழப்பம் சிலருக்கு உண்டு. அந்தத் தடை, அசல் ஓவியத்தை ஏற்றுமதி செய்வதற்குத்தான். படத்தைப் பகிர்வதற்கு அல்ல.

மேத்தாவின் மகிஷாசுரன் ஓவியம் ஒன்று 2005-இல் நியூயார்க் ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு மேல் போனது. அவ்வளவு கொடுத்து வாங்கியவருக்குக்கூடக் கிடைத்தது ஓவியம்தான். எழுத்துமூலம் மாற்றித் தராவிட்டால் பதிப்புரிமை அவருக்குப் போகாது.

அப்படியானால் பேசவே கூடாதா? பேசலாம். விமர்சனத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்த 52ஆவது பிரிவு இடம் தருகிறது. ஏன் பிடித்தது என்று நாலு வரி எழுதி, ஓவியர் பெயரோடு போடுவது ஒன்று. டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்பது வேறு. தெரிந்தே உரிமையை மீறினால் 3 ஆண்டுவரை சிறை, 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். (ஓவியரின் கையெழுத்தை வெட்டிவிட்டுப் போடும் பழக்கத்தை எப்படியும் விட்டுவிடுங்கள்.)

மாமல்லபுரம் மகிஷாசுரமர்த்தினி குகைச் சிற்பம் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; அதற்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் அதை ஒருவர் எடுத்த போட்டோவுக்கு, எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டு முடிந்த பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. அங்கே போனால் நீங்களே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.